பெரிய கத்திக்கு எந்த எஃகு: மழுங்குவதா, துருப்பிடிப்பதா, உடைவதா?

டி2 எஃகில் செய்த, 10 அங்குல அலகுடைய கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 60 என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய முதல் மாதத்தில் அது கயிற்றையும் அட்டையையும் அறுத்த நேர்த்தியைப் பார்த்து, தோட்டத்திலிருந்த பழைய அரிவாளைப் பரணில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இரண்டாம் மாதம், காய்ந்த சீமைக் கருவேலக் கட்டை ஒன்றைப் பிளப்பதற்காக, அலகை அதன் தலையில் வைத்து முதுகில் தடியால் தட்டியபோது, உள்ளே மறைந்திருந்த கணுவில் கத்தி சற்றே திருகிக்கொண்டது. ‘டிக்’கென்று ஒரு சிறு ஓசை கேட்டது, அவ்வளவுதான். உருவிப் பார்த்தால் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், 4 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிறை வடிவில் ஒரு துண்டைக் காணவில்லை. மீதிக் கட்டையை அந்தப் பழைய அரிவாளால்தான் பிளந்து முடித்தேன். அரிவாளின் வாயும் அதே கணுவில் பட்டு ஓரிடத்தில் மடங்கத்தான் செய்தது. ஆனால் மடங்கிய இடத்தை அரத்தால் பத்து நிமிடம் இழைத்ததும் அது மீண்டும் வேலைக்கு ஆயிற்று.

இங்கே ஒப்பிடப்படுபவை, மடக்க முடியாத, அலகும் பிடிக்குள் செல்லும் காம்பும் ஒரே துண்டாக அமைந்த, 8 முதல் 10 அங்குல நீளமுள்ள கத்திகளுக்கான எஃகுகள். கிளை கழித்தல், மூங்கில் வெட்டுதல், விறகு பிளத்தல், இடையிடையே இளநீர் சீவுதல் போன்ற வேலைகளுக்காகத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. நீளத்தைப் பற்றி ஒரு குறிப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள், வீட்டுக்கோ வேளாண்மைக்கோ அறிவியலுக்கோ தொழிலுக்கோ என வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமோ கத்தியையே ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்கி, எழுத்து மூலமான முன் அனுமதியின்றி அதனுடன் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. எனவே ‘காட்டுக்கத்தி’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது, பெரும்பாலும் சொந்தத் தோட்டத்துக்கும் தோப்புக்குமான கத்திதான்.

எந்தக் கத்திக்கும் மூன்று விதமான கேடுகள் வரும்: மழுங்கும், துருப்பிடிக்கும், உடையும். சிறிய கத்தியை வாங்குபவர் முதலாவதைப் பற்றியே கவலைப்படுகிறார், அதில் தவறில்லை. ஏனெனில் சிறிய கத்தி தள்ளியும் இழுத்தும் அறுக்கிறது, அதன்மீது அடி விழுவதில்லை. பெரிய கத்தியின் நிலை வேறு. அது வீசப்படுகிறது, ஒவ்வொரு வீச்சின் விசையும் மயிரிழை அகலமுள்ள ஒரு வாயில் வந்து இறங்குகிறது, கட்டையில் சிக்கியபின் பக்கவாட்டில் திருகி எடுக்கப்படுகிறது. மழுங்கிய வாயை ஆற்றங்கரைக் கல்லில்கூடத் தீட்டிக்கொள்ளலாம். துரு மெதுவாக வருவது, எண்ணெய்த் துணியால் அதைத் தள்ளிப்போடலாம். உடைந்த அலகுக்கு மட்டும் அந்த இடத்தில் மருந்து கிடையாது. ஆகவே பெரிய கத்திக்கான எஃகுகளை வரிசைப்படுத்தும்போது, எது நெடுநாள் கூர் நிற்கும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி, எது அடி தாங்கும் என்ற கேள்வியை முதலில் வைக்கிறேன். விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன; கடினத்தன்மையை எண்ணாக அச்சிட முடிகிறது, அடிதாங்குதிறனை அப்படி அச்சிடுவது வழக்கத்தில் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொற்களைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடினத்தன்மை என்பது, ஒரு வைரக் கூம்பை 150 கிலோ எடையால் அழுத்தும்போது எஃகு எவ்வளவு பள்ளமாகிறது என்பதன் அளவு. ராக்வெல் சி எண் அதைத்தான் சொல்கிறது. அடிதாங்குதிறன் என்பது திடீர் அடியை விரிசலின்றி விழுங்கும் ஆற்றல். ஒரே எஃகில் முன்னதைக் கூட்டினால் பின்னது பொதுவாகக் குறையும். மூன்றாவதாக, வளையாமை என்ற ஒன்றையும் பலர் இவற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓர் அலகு எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பது எஃகின் பெயரையோ, சூடாக்கிக் குளிர்வித்து அதற்குத் தரும் பதத்தையோ பொறுத்ததன்று. எல்லா எஃகுகளும் மீள்தன்மையில் ஏறத்தாழ ஒன்றுதான். விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன், அதுவும் தடிமனின் மும்மடிப் பெருக்கம்: 5 மில்லிமீட்டர் அலகை 6 ஆக்கினால் விறைப்பு 73 விழுக்காடு கூடிவிடுகிறது. பதம் தீர்மானிப்பதெல்லாம், வளைந்த அலகு திரும்ப நிமிருமா, அப்படியே கோணிக்கொள்ளுமா, முறிந்துவிடுமா என்பதை மட்டுமே.

1976இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி தன் உறுப்பினருக்கு வைக்கும் தேர்வு இந்த மூன்றையும் ஒரே அலகில் சோதிக்க முயல்கிறது. 10 அங்குலத்துக்கு மிகாத கத்தி ஒன்று, தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டுமான மரச் சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கைமயிரை மழிக்க வேண்டும். இறுதியாகப் பட்டறைப் பிடியில் இறுக்கி 90 பாகை வளைக்கும்போது முறியக்கூடாது. பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும் அந்தக் கடைசிப் பகுதி, முதுகு எவ்வளவு மென்மையாக விடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கணுவில் திருகும்போது வாய் என்னவாகும் என்பதைச் சொல்வதில்லை. கொல்லருடைய கைத்திறனுக்கு அது நல்ல சான்று, வாங்குபவருக்கு அரைச் சான்றுதான்.

முதலில் எளிய கார்பன் எஃகுகள். இவற்றில் அமெரிக்கக் கத்திகளின் வழியாகப் பெயர்பெற்றது 1095; பெயரின் கடைசி இரண்டு எண்களும் கார்பனைக் குறிக்கின்றன, அதாவது 0.95 விழுக்காட்டை ஒட்டிய அளவு. இஎஸ்இஇ நிறுவனத்தின் ஏறத்தாழ 10 அங்குல ஜங்லாஸ் இதில் வருகிறது. கேபார் நிறுவனத்தின் 9 அங்குல பெக்கர் கத்தி, இதோடு சிறிதளவு குரோமியமும் வனேடியமும் சேர்த்த வகையில் வருகிறது. எளிதாகத் தீட்டலாம், விலை மிகாது, நன்றாகக் கூர் ஏறும். ஆனால் கார்பன் இவ்வளவு கூடும்போது தோய்ச்சலில், அதாவது சூடான எஃகைச் சட்டென்று குளிர்விக்கையில், உருவாகும் மார்ட்டென்சைட் என்ற கடினமான நுண்ணமைப்பு நொறுங்குந்தன்மையை நோக்கிச் சாய்கிறது. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் இதன் கடினத்தன்மையைப் பெரிய கத்தியில் 55 முதல் 57 வரை மட்டுமே வைத்து, கூரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடிதாங்குதிறனை வாங்குகிறார்கள். இன்னொரு சிக்கல், இது தோய்ச்சலில் மிக விரைவாகக் குளிர வேண்டும். ஏறத்தாழ 540 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒரு நொடிக்குள் இறங்காவிட்டால் முழுமையாகக் கடினமாகாது. கைதேர்ந்தவரிடம் இதுவே நன்மையாகவும் மாறும்: மெல்லிய வாய் முழுதாகக் கடினமாகி, தடித்த முதுகு தானாகவே மென்மையாக நின்றுவிடும். கைதேராதவரிடம் விரிசல் விழும்.

என் கணக்கில் பெரிய கத்திக்கு 1095ஐவிடப் பொருத்தமானவை, கார்பன் சற்றுக் குறைந்த ஸ்பிரிங் எஃகுகளும் ரம்ப எஃகுகளும்தான். 5160இல் கார்பன் ஏறத்தாழ 0.6, குரோமியம் 0.7 முதல் 0.9 வரை, வண்டிச் சக்கரத்துக்கு மேலே ஆண்டுக்கணக்கில் குலுங்குவதற்காக உருவான எஃகு என்பதால், அடி அதற்குப் புதிதன்று. ஜெர்மானிய வகையான 80சிஆர்வி2இல் கார்பன் 0.8, குரோமியம் அரை விழுக்காட்டளவு, தானியத்தை, அதாவது எஃகின் உட்படிக மணிகளை, நுண்ணியதாக வைத்திருக்கும் சிறிது வனேடியம். மரம் அறுக்கும் ரம்பங்களுக்குப் பயன்பட்டுவந்த இதை, பின்லாந்தின் வருஸ்டெலெகா விற்கும் ஸ்க்ராமா என்ற 240 மில்லிமீட்டர் கத்தி பலருக்கும் அறிமுகப்படுத்தியது. இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொழிற்சாலைக் கத்தியில் 80சிஆர்வி2வையும் பட்டறைக் கத்தியில் 5160 குடும்பத்தையும் எடுப்பேன். முன்னதில் கார்பன் கூடுதல் என்பதால் கூர் சற்று நன்றாக நிற்கும். பின்னது கொல்லரின் சிறு தவறுகளை மன்னிக்கும்.

பட்டறைக் கத்தி என்று சொல்லும்போது நம் ஊர் அரிவாளுக்கு வந்துவிடுகிறோம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி தொடங்கி, தமிழ்நாட்டில் அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை பழகிய மூலப்பொருள். நேபாளத்தின் காமி கொல்லர்களும் குக்ரி என்ற வளைந்த கத்திக்கு இதையே எடுக்கிறார்கள். அலகு முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தாமல், கெண்டியிலிருந்து தண்ணீரை வாயோரம் மட்டும் ஊற்றி அதைக் கடினமாக்கி, முதுகை மென்மையாக விடும் அவர்களுடைய முறை பெரிய அலகுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ‘லாரிப் பட்டை’ என்பது ஓர் எஃகின் பெயரன்று என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும். இந்திய வண்டிகளின் பட்டை, சிலிக்கான் ஒன்றரை முதல் 2 விழுக்காடு வரையுள்ள இஎன்45 ஆக இருக்கலாம். 5160க்கு நெருங்கிய உறவான எஸ்யுபி9 ஆக இருக்கலாம். குரோமியமும் வனேடியமும் சேர்ந்த 50சிஆர்வி4 ஆகவும் இருக்கலாம். மூன்றுமே நல்ல வெட்டுக்கத்தியாகும். மூன்றுக்கும் ஒரே உலைச் சூடும் ஒரே தோய்ச்சலும் ஒத்துவராது. சிலிக்கான் மிகுந்த இஎன்45 உலையில் மேற்பரப்புக் கார்பனை எளிதில் இழந்துவிடும் என்பதால், அடித்து முடித்தபின் மேல்தோலைச் சாணையில் போதுமான அளவு எடுக்காவிட்டால் வாய் முதல் சில மாதங்கள் மென்மையாகவே இருக்கும். ‘தீட்டத் தீட்டத்தான் இந்த அரிவாள் நன்றாக வெட்டுகிறது’ என்று தோட்டக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பட்டையில் இன்னொரு ஆபத்து உண்டு. பல்லாயிரம் கிலோமீட்டர் குலுங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத சோர்வு விரிசல்கள் இருக்கலாம், அதிலும் வண்டியில் உடைந்ததால் கழற்றப்பட்ட பட்டையில் அவை இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. கொல்லர் அடித்து நீட்டும்போது சில மூடிக்கொள்வதுபோல் தோன்றும், மூடிக்கொள்வதில்லை. ஸ்பிரிங் செய்யும் பட்டறைகளில் கழியும் புதிய வெட்டுத்துண்டு கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

நான் இப்போது வைத்திருக்கும் கத்தியை அடித்தவர் அறுபதைக் கடந்த ஒரு கொல்லர். அவரிடம் வெப்பமானி கிடையாது. அலகு செக்கச்செவேலென்று ஆனதும் சட்டைப் பையிலிருந்து ஒலிபெருக்கிக் காந்தத் துண்டு ஒன்றை எடுத்துக் கம்பியில் கோத்து அருகே கொண்டுபோனார், ஒட்டவில்லை. எஃகு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்தைக் கைவிடும். அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால் தோய்ச்சலுக்குப் பக்குவம். அவர் காந்தம் விலகியபின் இன்னும் சில நொடிகள் துருத்தியை ஓட்டிவிட்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்கினார். வெளியே எடுத்ததும் ஓர் உடைந்த செங்கல் துண்டால் வாயோரத்தைக் கரகரவென்று தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்லக் கீழே இறங்க, அந்த வெள்ளைப் பட்டையின்மேல் முதலில் வைக்கோல் நிறம், அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா என்று நிறங்கள் நகர்ந்து வந்தன. வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் சட்டென்று முழு அலகையும் எண்ணெயில் அமிழ்த்தினார். வைக்கோல் நிறம் என்பது 200 பாகைக்குச் சற்று மேல், நீலம் என்பது 300ஐ ஒட்டியது. வாய்க்கு முன்னதும் முதுகுக்குப் பின்னதும்தான் வெட்டுக்கத்திக்கு வேண்டும். அவர் இதைத் துவைச்சல் என்றார். புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக விரியும் தோய்ச்சலும், அதன்பின் நொறுங்குந்தன்மையைக் குறைக்கத் தரும் மறுசூடும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

பட்டறையில் வாங்குபவர் பெயரைவிட அதிகமாக நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதே பட்டையிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, அதே சூட்டில் தோய்த்து, மறுசூடு தராமல் பிடியில் இறுக்கிச் சுத்தியால் உடைக்கச் சொல்ல வேண்டும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், வெல்வெட்டுத் துணிபோல் மென்மையாகத் தெரிந்தால் சூடு சரி. சீனியைக் கொட்டியதுபோல் மின்னினால், உலையில் அதிகம் காய்ந்து தானியம் பெருத்துவிட்டது; அந்தச் சூட்டில் செய்த கத்தி எந்த உயர்ந்த எஃகாக இருந்தாலும் ஒருநாள் உடையும். பெரும்பாலான கொல்லர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. சிலர் அந்த உடைந்த துண்டைத் தாங்களே பெருமையோடு காட்டுகிறார்கள்.

கருவி எஃகுகளை விரைவாகக் கடந்துவிடலாம். எண்ணெயில் தோயும் ஓ1, நம் ஊர்க் கடைகளில் ஓஎச்என்எஸ் என்ற பெயரில் கிடைப்பது, அழகாகக் கூர் ஏறும். சிறிய கத்திக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பெரியதில் 5160 அளவுக்கு அடி தாங்காது. பந்துத் தாங்கி எஃகான 52100, இங்கே இஎன்31, திறமையான பதத்தில் வியக்கத்தக்க கத்தியாகும்; கார்பன் ஒரு விழுக்காட்டைத் தொடுவதால் அந்தத் திறமையை அது கட்டாயமாகக் கேட்கும். காற்றிலேயே கடினமாகும் ஏ2 நடுவழி. டி2வைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். கார்பன் 1.5, குரோமியம் 12 என்ற இதன் கலவையில் பருத்த குரோமியம் கார்பைடுகள், அதாவது குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள், உருவாகின்றன. அச்சு வெட்டும் டையில் அவை தேய்மானத்தைத் தடுக்கும் கற்கள். மெல்லிய வாயில் அவையே விரிசல் தொடங்கும் இடங்கள். 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் இது துருப்பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்: குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது, மேற்பரப்பைக் காக்க மிஞ்சுவது போதவில்லை.

இதே குழப்பத்தைத் தீர்ப்பதற்காக வந்தவைதான் தூள் எஃகுகள். உருகிய எஃகை வாயுவால் தெளித்துத் தூளாக்கி, அந்தத் தூளை உயர் அழுத்தத்தில் மீண்டும் ஒன்றாக்கும்போது கார்பைடுகள் பெரிதாக வளர இடமில்லாமல் போகிறது. பெரிய கத்திக்கு இவற்றில் முதன்மையானது சிபிஎம் 3வி: கார்பன் 0.8, குரோமியம் 7.5, வனேடியம் 2.75. 58 முதல் 60 வரையான கடினத்தன்மையில், டி2வைவிடப் பல மடங்கு அடி தாங்கி, 5160ஐவிட நெடுநேரம் கூர் நிற்கும் ஒரே எஃகு என்று இதைச் சொல்வார்கள். ‘ஒரே’ என்பதை நீக்கிவிட்டால் ஒப்புக்கொள்கிறேன். கோல்டு ஸ்டீல் நிறுவனத்தின் டிரெயில் மாஸ்டர் என்ற ஒன்பதரை அங்குலக் கத்தி ஒருகாலத்தில் ஓ1இலும் பின்னர் 3வியிலும் வந்தது. அடி தாங்கும் கத்திக்கான தேவை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

3விக்கு எதிராகவும் சில உண்டு. 1,000 பாகைக்கு மேலான சூடு, கட்டுப்படுத்திய உலை, பலமுறை மறுசூடு என்பதால் இதை ஊர்ப் பட்டறையில் செய்ய முடியாது. செய்தேன் என்று யாராவது சொன்னால் வாங்கக் கூடாது. துருவை முழுதாகத் தடுக்காது. மழைக்காலத்தில் உறைக்குள் விட்டால் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு விழும். தோட்டத்தில் அரம் இதில் வழுக்கும், தீட்ட வைரக் கல் வேண்டும். விலையோ பட்டறை அரிவாளின் பல மடங்கு. இதை உருவாக்கிய நியூயார்க் மாநிலத்து குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்கலாம். கைக்கு வந்துவிட்ட கத்திக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

துருப்பிடிக்காத எஃகில் பெரிய கத்தி செய்யக்கூடாது என்ற பழைய கருத்து, 440சி போன்ற, பருத்த கார்பைடுள்ள எஃகுகளின் காலத்தில் உருவானது. அக்காலத்துக்கு அது சரியான கருத்தும்கூட. இன்று அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சவர அலகுக்காக உருவான ஏஇபி-எல், கார்பன் 0.67, குரோமியம் 13 என்ற எளிய கலவையால் மிக நுண்ணிய கார்பைடுகளைப் பெற்று, 60இல்கூட ஸ்பிரிங் எஃகுகளோடு போட்டியிடும் அளவுக்கு அடி தாங்குகிறது. சுவீடனின் 14சி28என் அதன் நெருங்கிய உறவு. சிறிது நைட்ரஜன் சேர்ந்திருப்பதால் துரு எதிர்ப்பு இன்னும் கூடுதல். 2021இல் வந்த மேக்னாகட், குரோமியம் 10.7 மட்டுமே கொண்டிருந்தும், அந்தக் குரோமியம் கார்பைடாகச் சிறைப்படாதபடி வடிவமைக்கப்பட்டதால், தன்னைவிடக் குரோமியம் மிகுந்த பல எஃகுகளைவிடத் துருவை நன்றாகத் தடுக்கிறது. டி2வின் கதையைத் தலைகீழாக்கியது என்று இதைச் சொல்லலாம். வெட்டுக்கத்திக்கு மேக்னாகட் தேவைதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதன் கூர் நிலைப்புக்காகக் கொடுக்கும் விலை, வாயைக் கல்லிலும் மண்ணிலும் இடிக்கும் வேலையில் வீணாகிறது. ஏஇபி-எல் அல்லது 14சி28என் போதும்.

இந்த இடத்தில் ஊர்தான் தீர்மானிக்கிறது. ராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ, உப்புக் காற்று ஓயாத இடத்தில், கார்பன் எஃகை மாலையில் துடைக்காமல் விட்டால் காலையில் செம்பழுப்பு நிறம் தெரியும். அங்கே துருப்பிடிக்காத வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவன்று. தேனியிலோ தருமபுரியிலோ கத்தி தோட்டத்து வேலையில் இருக்கும்வரை, வாழைக்கறையும் மாங்காய்ப் பாலும் பட்டு அலகு தானாகவே கருத்துவிடும். அந்தக் கருமை செந்துருவை ஓரளவு மட்டுப்படுத்தும். தேங்காயெண்ணெய் தடவுவது நல்ல பழக்கம்: அது எளிதில் பிசினாகாது, ஊட்டிக் குளிரில் உறைந்தாலும் அலகை விட்டு அகலாது. நல்லெண்ணெய் சில மாதங்களில் பிசுக்காகிவிடும். எந்த எஃகானாலும் தோல் உறைக்குள் போட்டுப் பரணில் வைக்கக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறை தொங்குவதற்கு, அலகு அலமாரிக்கு.

எஃகை மாற்றும்போது வடிவத்தையும் மாற்றாவிட்டால் கொடுத்த காசில் பாதி வீண். 250 மில்லிமீட்டர் நீளம், 40 அகலம், 6 தடிமன் கொண்ட பட்டை, இழைப்பதற்கு முன் ஏறத்தாழ 470 கிராம் இருக்கும். தடிமனை 5 ஆக்கினால் 80 கிராம் கழியும். மணிக்கட்டில் நூறாவது வீச்சில் அந்த 80 கிராம் நன்றாகவே தெரியும். 6 மில்லிமீட்டர் தடிமன், வாயில் பக்கத்துக்கு 25 பாகைச் சரிவு என்று தடித்த கத்திகளை விற்பவர்கள், தங்கள் எஃகின்மீதோ பதத்தின்மீதோ நம்பிக்கையில்லாமல் உலோகத்தை ஏற்றி ஈடுகட்டுகிறார்கள் என்றே நான் எண்ணுவது. நன்கு அடி தாங்கும் எஃகைத் தேர்ந்தெடுப்பதன் உண்மையான பயன், 20 பாகையிலோ அதற்கும் கீழேயோ மெல்லிய வாய் வைக்க முடிவதுதான். மெல்லிய வாய் கட்டைக்குள் ஆழமாக இறங்கும், மழுங்கிய பின்னும் தடித்த வாய் புதிதாக வெட்டுவதைவிட நன்றாக வெட்டும். கூர்தாங்குதிறனைத் துரத்தி அடிதாங்குதிறனை விட்டவர், வாயைத் தடிப்பாக்க வேண்டியதாகி, கடைசியில் இரண்டையும் இழக்கிறார்.

இவ்வளவையும் வைத்து முடிவெடுக்க வேண்டியவர் தம் வேலையை முதலில் பார்க்க வேண்டும். அருகில் நம்பத்தக்க கொல்லர் இருந்து, ஊரும் உலர்ந்த ஊராக இருந்தால், புதிய ஸ்பிரிங் பட்டைத் துண்டில் 5 மில்லிமீட்டர் கத்தியை அடித்து வாங்குவதைவிடச் சிறந்த பேரத்தை நான் அறியேன். இணையத்தில் வாங்குவதானால் 80சிஆர்வி2. அது கிடைக்காவிட்டால், 57ஐத் தாண்டாத 1095. கடற்கரையிலோ படகிலோ பயன்படுமானால் 14சி28என் அல்லது ஏஇபி-எல், ஆனால் அதைப் பதப்படுத்தியது முறையான உலை என்பது உறுதியாக வேண்டும். பணம் தடையில்லை, நெடும்பயணத்தில் தீட்ட நேரமில்லை என்பவருக்கு 3வி. டி2வில் செய்த பெரிய கத்தியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வெட்டுவதற்கு வாங்க வேண்டாம்.

அந்த வாய் உடைந்த கத்தியை நான் எறிந்துவிடவில்லை. பிறைக்கு முன்னால், பிடிப்பக்கம் 5 அங்குலம் மட்டும் விட்டு வெட்டி, சூடேறாதபடி நிமிடத்துக்கொரு முறை தண்ணீரில் நனைத்து நனைத்துச் சாணையில் இழைத்து, புதிய நுனி வைத்தேன். இப்போது சமையற்கட்டில் மாங்காய் நறுக்கவும் மீன் அரியவும் அதுதான் பயன்படுகிறது. வீட்டிலிருக்கும் கத்திகளில் தீட்டாமல் அதிக நாள் நிற்பதும் அதுதான்.